பஃபர் இல்லாத குழி

என் அன்பு வாண்டுக்கு,

அப்பா எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, போதுமான அளவு தூங்கி, நல்லபடியாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு பேனாவை எடுத்திருக்கிறேன். அடுத்த வரியில் இங்கே எல்லோரும் நலம் என்று எழுத வேண்டும், அதுதான் முறை, ஆனால் அந்த இடத்தில் கை கொஞ்சம் நிற்கிறது. நான் நலம். உன் சித்தி நலம், அவள் தொண்டை அவளைவிட நலம். அம்மாவைப் பற்றி ஒரு வரியில் எழுத முடிந்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது, அதனால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு மேலே போகிறேன், நீயும் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு கூடவே வா. போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் காகிதத்தைக் கெடுக்கிறார் என்று நினைப்பாய். போனில் பேசினால் அம்மா பக்கத்தில் இருப்பாள். நான் எழுந்து பக்கத்து அறைக்குப் போனால் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு அவளும் வந்துவிடுவாள். அவளை வைத்துக்கொண்டு அவளைப் பற்றியே பேச எனக்கு வாய் வரவில்லை. அதனால் ஆஸ்பத்திரி மாடியில் லிஃப்ட் மோட்டார் ரூமில், எண்ணெய் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். நடுநடுவே எழுத்து துள்ளியிருந்தால் பயந்துவிடாதே, எனக்குக் கை நடுக்கம் வரவில்லை, கீழே யாரோ பட்டனை அமுக்கியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள். மோட்டார் ஓடினால் மேஜையும் ஓடுகிறது.

ஓய்வு கொடுத்த பிறகும் இவர்கள் என்னை விடவில்லை, பாதி நாளாவது வந்துவிட்டுப் போ என்கிறார்கள். என் திறமைக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. இந்தப் பழைய மெஷினும் என்னைப் போலவே சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறது, எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகும் என்று நினைக்கிறார்கள் போல. நம் கட்டடத்து லிஃப்ட் கதையும் அதேதான். போன வாரம் மறுபடி நின்றுவிட்டது, கீழ்வீட்டு ரிட்டயர்ட் கண்டக்டர் மூச்சு வாங்கிக்கொண்டே படியேறி வந்து, லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கும் கட்டடம் என்று நம்பித்தான் வீடு வாங்கினேன், என்னை ஏமாற்றிவிட்டீர்கள் என்று கதவருகில் நின்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிளம்பினால் அம்மாவும் செருப்பைத் தேடுகிறாள். இப்போது நான் எங்கே போனாலும் அப்படித்தான். நான் ஆஸ்பத்திரிக்கு வரும் நேரம் மட்டும் சித்தி வந்து உட்கார்ந்துகொள்கிறாள், அதற்குக் கூலியாக நான் திரும்பியதும் ஒரு பாட்டம் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

போன தடவை நீ வந்திருந்தபோது நாம் மூவரும் சமையலறை மேஜையில் உட்கார்ந்து பேசியது நினைவிருக்கிறதா. அப்போது அம்மாவுக்கு இவ்வளவு இல்லை, ஏதோ ஒரு பெயர் வராமல் தடுமாறுவாள், நாமும் வயசு என்று சிரித்துவிடுவோம். நீ என்னதான் படிக்கிறாய் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். கருந்துளை என்றாய், அதைச் சுற்றி நிகழ்வெல்லை என்று ஒன்று இருக்கிறது, அதைத் தாண்டிப் போனால் வெளிச்சம்கூடத் திரும்ப முடியாது என்றாய். அது சுவரா வேலியா என்று கேட்டேன், இரண்டும் இல்லையப்பா, அங்கே ஒன்றுமே இல்லை, பெரிய கருந்துளையாக இருந்தால் தாண்டுகிறவருக்குத் தாண்டுவதே தெரியாது, எல்லாம் வழக்கம்போலத்தான் இருக்கும் என்று சொன்னாய். உடனே நான் பெரிய மேதாவி மாதிரி, கயிறு அறுந்த லிஃப்டில் இருப்பவனுக்கும் அப்படித்தான், கீழே மோதுகிற வரைக்கும் உடம்பில் எடையே தெரியாது, பஞ்சு மாதிரி இருக்கும் என்றேன். நீ மேஜையைத் தட்டி, அதேதான் அப்பா என்றாய். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இந்த ஆஸ்பத்திரியில் நான் எத்தனை பேர் காதைப் புளிக்கவைத்திருப்பேன் என்று உனக்குத் தெரியாது. ஆனால் அதோடு நிறுத்தினேனா, இல்லை. லிஃப்ட் அளவு மீறி வேகமெடுத்தால் கவர்னர் என்று ஒன்று உண்டு, அது சக்கரத்தைக் கவ்வி, லிஃப்டை அப்படியே தண்டவாளத்தோடு பிடித்து நிறுத்திவிடும், அதுவும் கைவிட்டால் லிஃப்ட் குழிக்கு அடியில், மோதலைத் தாங்க, ஸ்பிரிங் வைத்த பஃபர் இருக்கும், உங்கள் குழிக்கு அடியில் பஃபர் உண்டா என்று கேட்டேன். உனக்கு டீ புரையேறிவிட்டது. அம்மா உன் தலையைத் தட்டிக்கொண்டே என்னை முறைத்தாள். பிறகு அவள் பங்குக்கு ஒன்று கேட்டாள், அதைப் பிறகு எழுதுகிறேன், அது இந்தக் கடிதத்தின் கடைசியில்தான் வர வேண்டும்.

வெளியே நிற்கிறவர் கதை வேறு என்றாய். உள்ளே விழுகிறவரை எட்ட நின்று பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, அவர் எல்லையைத் தாண்டும் காட்சி வரவே வராது. கிட்டே போகப் போக அவர் மெதுவாவார், அவர் கையை அசைத்தால் அந்த அசைவு நீண்டுகொண்டே போகும், அவரிடமிருந்து வரும் வெளிச்சம் சிவந்து, மங்கி, கடைசியில் இருட்டோடு இருட்டாகிவிடும். விழுந்தவர் எப்போதோ தாண்டிப் போயிருப்பார், வெளியே இருப்பவர் கண்ணில் அவர் இன்னும் விளிம்பிலேயே நிற்பார். அன்றைக்கு இதை நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேனே தவிர மண்டையில் ஏறவில்லை. இப்போது ஏறியிருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் நீ போனில் பார்க்கும் அம்மா அப்படி நிற்கிற அம்மா.

விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். முதலில் அவளுக்குப் போனது படிப்பு. இங்கே ஆஸ்பத்திரிக்குக் கீழே மருந்துக் கடையில் உட்கார்ந்து டாக்டர்களின் கோழிக்கிறுக்கலை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு படித்தவள், எழுதின டாக்டரே வந்து நான் என்ன எழுதியிருக்கேன், பார்த்துச் சொல்லுங்க என்று கேட்டுவிட்டுப் போவார், அவள் இப்போது தன் மாத்திரை அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்க்கிறாள். அப்புறம் பெயர்கள் போயின. கரண்டி என்பது கலக்குறது ஆயிற்று, கதவு என்பது திறக்கிறது ஆயிற்று, கொஞ்ச நாளில் எல்லாமே அது ஆயிற்று. என் பெயர் எப்போது போனது என்று எனக்கே தெரியவில்லை, அவள் என்னை எப்போதும் லிஃப்ட்டு என்றுதானே கூப்பிடுவாள், அந்தக் கேலிப்பெயர் நிஜப்பெயர் போன பிறகும் கொஞ்ச காலம் தங்கியிருந்தது, அதனால் எனக்கு உறைக்கவில்லை. இதெல்லாம் உனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் நான்தான். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டதும் போனை டம்ளர்மேல் சாய்த்து வைத்து அவளை முன்னால் உட்காரவைத்துவிட்டு, நான் போனுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். கையை வாய்க்குக் கொண்டுபோனால் சாப்டியாம்மா என்று கேட்பாள். தோளைக் கட்டிக்கொண்டு நடுங்கிக் காட்டினால் அங்க குளிரா என்று கேட்பாள். கண்ணை மூடித் தலையைச் சாய்த்தால் நேரத்தோட தூங்கு என்பாள். வார்த்தையைத் தேட முடியாதவளுக்கு என் கையைப் பார்த்ததும் பழகின வாக்கியம் முழுசாக வந்துவிடும், அதே குரல், அதே இழுப்பு. உன் முகம் மலர்வதை நான் பின்னால் இருந்து பார்க்க முடியாது, ஆனால் உன் குரலில் தெரியும். ஒரு தடவை என் கன்னத்தில் கொசு கடித்தது, யோசிக்காமல் ஒரு அறை விட்டேன், உடனே அம்மா உன்னிடம் பல்வலி எப்படி இருக்கு என்று கேட்டாள். எனக்கு எந்தப் பல்லும் வலிக்கலையே என்று நீ விழுந்து விழுந்து சிரித்தாய், அவளும் கூடச் சிரித்தாள், நான் கன்னத்தைப் பிடித்தபடி பின்னால் நின்றேன்.

உன் வேலை கெடக் கூடாது என்றுதான் இப்படிச் செய்தேன் என்று சித்தியிடம் சொல்லிவந்தேன். அது பாதிதான். அந்தக் கொஞ்ச நேரம் அவள் பழையபடி பேசுவதைக் கேட்க எனக்கும் ஆசை. நாடகம் போட்டவனே கூட்டத்தோடு உட்கார்ந்து கை தட்டின மாதிரி. சித்திக்குக் கோபம், எப்ப மாமா இந்தக் கூத்தை நிறுத்தப்போறீங்க, பொண்ணு ஒரு நாள் நேர்ல வந்து நின்னா எந்தப் பக்கம் நின்னு கை காட்டுவீங்க என்று கேட்டாள். நான் வழக்கம்போல டீ போடப் போய்விட்டேன். நீயும் போன மாதம் கேட்டாய், அம்மா நல்லாத்தானே பேசறாங்க, தொலைநோக்கிக்கு எங்க முறை வருது, அது முடிஞ்சதும் வரேன், நடுவுல நிலைமை மோசமானா ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா, உடனே கிளம்பிடறேன் என்று. நானும் சரிம்மா, நான் பார்த்துக்கறேன் என்று பெரிய காவல்காரன் மாதிரி சொல்லிவிட்டேன். அன்று முதல் எல்லைக்கோடு எங்கே என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். காலையில் எழுந்ததும் அவள் முகத்தைப் பார்ப்பேன். பெரிய மாற்றம் இருக்காது. நேற்றைப் போலத்தான் இருப்பாள், நேற்றும் முந்தின நாளைப் போலத்தான் இருந்தாள்.

போன வாரம் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இதே ஆஸ்பத்திரி மேல்மாடியில் உட்காருகிற மூளை டாக்டர், இளவயசுதான், பொறுமையானவர். பேனாவைக் காட்டினார், எழுதுறது என்றாள். சாவியைக் காட்டினார், அது என்றாள். கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றிக் காட்டினார். அம்மா அதை உற்றுப் பார்த்துவிட்டு, நேரமாச்சு என்றாள். டாக்டர் சிரித்தார், நல்ல பதில் என்றார், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு அதைத் திரும்பக் கட்டிக்கொண்டார். மாத்திரை மறதியின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், நிறுத்தாது என்றார். கவர்னர் இல்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பிறகு தைரியத்தைக் கூட்டிக்கொண்டு, மகள் வெளிநாட்டில் இருக்கிறாள், அவளை அம்மாவுக்கு அடையாளம் தெரியும்போதே வரச்சொல்லணும், எந்தக் கட்டம் வந்தால் சொல்லணும் என்று கேட்டேன். அப்படி ஒரு நாளை யாரும் காட்ட முடியாதுங்க, தாண்டின பிறகு திரும்பிப் பார்த்தால்தான் இங்கதான் தாண்டினோம்னு தெரியும் என்றார். இதையேதான் நீயும் அன்றைக்குச் சொன்னாய் வாண்டு. எல்லை இருக்கும் இடத்தில் நின்றுகொண்டு எந்தக் கருவியை நீட்டினாலும் எல்லை தெரியாது, பின்னால் நடக்கப்போவதெல்லாம் தெரிந்தால்தான் அந்தக் கோட்டைப் போடவே முடியும் என்று. அப்போது நான் அது என்னம்மா படிப்பு, நடந்து முடிந்த பிறகு சொல்வதற்கு எதற்குப் பெரிய பட்டம், அதை உன் சித்தியே செய்வாளே என்று கேலி செய்தேன்.

கீழே இறங்க லிஃப்டில் ஏறினோம். நாங்கள் இரண்டு பேர்தான். கதவு மூடி, அது இறங்க ஆரம்பிக்கும்போது வயிற்றில் ஒரு சின்ன வெறுமை வருமே, அந்த நேரத்தில் அம்மா என் கையை இறுகப் பிடித்தாள். மேலே கூரையைப் பார்த்தாள். தெளிவாக, ஒரு எழுத்து குழறாமல், “மேல யாராவது இருக்கீங்களா?” என்று கேட்டாள்.

உனக்கு அந்தக் கதை தெரியும், நூறு தடவை சொல்லி உன் உயிரை வாங்கியிருக்கிறேன், ஆனாலும் இப்போது எழுதத் தோன்றுகிறது. இதே லிஃப்ட், அவள் மருந்துக் கடையில் சேர்ந்த புதுசு, கரண்ட் போய் இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டாள். என் மேஸ்திரி இந்த ரூமில் நின்று பிரேக்கை விடுவித்துக் கையால் சக்கரத்தைச் சுற்றினார். எனக்கு அன்றைக்கு ஒரே வேலை, மேல்தளத்து லிஃப்ட் கதவைச் சாவி போட்டுத் திறந்து, இடுக்கு வழியாகக் கீழே பார்த்து, உள்ளே இருப்பவர் பயப்படாமல் இருக்கப் பேச்சுக் கொடுப்பது. இருட்டில் ஒரு பெண் குரல் மேல யாராவது இருக்கீங்களா என்று கேட்டது. இருக்கேங்க, நான் இங்கதான் இருக்கேன், பேசிக்கிட்டே இருங்க என்றேன். உழைத்தது மேஸ்திரி, கல்யாணம் ஆனது எனக்கு. சாகும்வரை அந்த மனுஷன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

போன வாரம் நான் அவள் பக்கத்தில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, மேலேதான் பார்த்தாள். அவளுக்கு நான் வேண்டியிருந்தது, பக்கத்தில் நிற்கிற இந்த நரைத்த ஆள் இல்லை, மேலே இருந்த அந்தப் பையன். ஆனால் என்ன செய்ய, அந்தப் பையனும் நான்தானே. நானும் கூரையைப் பார்த்தபடி, “இருக்கேங்க. நான் இங்கதான் இருக்கேன். பேசிக்கிட்டே இருங்க” என்றேன். பிடித்திருந்த கை தளர்ந்தது. முகத்தில் பயம் போய்விட்டது. கதவு திறந்ததும் வெளியே நின்றவர்கள் நான் அழுவதைப் பார்த்து வழிவிட்டார்கள். டாக்டர் அறையிலிருந்து வருகிறவர்கள் அழுவது இங்கே புதுசில்லை, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. என்னைத் தெரிந்த வாட்ச்மேன் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

இப்போது அம்மா அன்று உன்னிடம் கேட்டதை எழுதுகிறேன். நான் பஃபரைக் கேட்டு உனக்குப் புரையேறின பிறகு, அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே, உள்ள போனவங்களுக்கு வெளிய இருக்கிறவங்க தெரிவாங்களா என்று கேட்டாள். நீ என்னைப் பார்த்து, பாருங்கப்பா, இதுதான் கேள்வி என்றாய். பிறகு அவளிடம், தெரிவாங்கம்மா, வெளிச்சம் வெளிய வர்றதுக்குத்தான் தடை, உள்ள போறதுக்குத் தடையே இல்ல, வெளிய இருந்து போறது அவங்களுக்குப் போய்ச் சேர்ந்துக்கிட்டே இருக்கும் என்று சொன்னாய். அம்மா, அப்ப சரி என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். அவளுக்கு அப்போதே ஏதோ தெரிந்திருந்ததா என்று நான் இப்போது யோசிக்கிறேன். தெரிந்திருந்தாலும் சொல்கிற ஜாதி இல்லை அவள்.

அதனால் வாண்டு, அப்பா இந்தக் காவல்காரன் வேலையை ராஜினாமா செய்கிறேன். கோடு வந்ததும் சொல்கிறேன் என்று சொன்னேனே, அந்தக் கோடு என் கண்ணில் படாது. நேற்றே தாண்டியிருக்கலாம், போன மாதம் நாம் கொசுவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தபோதே தாண்டியிருக்கலாம், இன்னும் தாண்டாமலும் இருக்கலாம். நான் சொல்வேன் என்று நீ அங்கே காத்திருக்காதே. நீ வரும்போது அவள் உன்னை யார் என்று கேட்டாலும் கேட்பாள், அதற்கும் மனசைத் தயார் செய்துகொண்டு வா, ஆனால் வா. உன் கருந்துளை கோடிக்கணக்கான வருஷமாக அங்கேயே இருக்கிறது, உன்னை விட்டுவிட்டு எங்கும் ஓடாது, உன் கூட வேலை செய்கிறவர்கள் ஒரு தடவை உனக்குப் பதிலாகப் பார்த்துக்கொள்ளட்டும். வேலை போய்விடுமோ, பேர் கெட்டுவிடுமோ என்று பயமாக இருந்தால் அதையும் எனக்கு எழுது, உன்னைத் திட்டமாட்டேன், நானும் பயந்தவன்தான். வருகிற ஞாயிறு நீ கூப்பிடும்போது நான் போனுக்குப் பின்னால் நிற்கமாட்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவள் பேசாமல் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தால் திடுக்கிடாதே. உன் வழியில் நீ பேசு, என்ன சாப்பிட்டாய், யாரோடு சண்டை போட்டாய், எல்லாம் சொல்லு.

உடம்பை நன்றாகப் பார்த்துக்கொள். எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு, அம்மா தலையில் கை வைத்துச் சொல்கிற வார்த்தைகள் இப்போது அவளிடம் இல்லை, ஆனால் அந்தக் கை அப்படியே இருக்கிறது, நீ குனிந்தால் தானாக வந்து தலையில் உட்காரும், சித்தியிடம் சோதித்துப் பார்த்துவிட்டேன். ஒன்றே ஒன்றை மறந்துவிடாதே. சின்ன வயசில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கீழே லிஃப்டில் ஏறும்போதே அம்மா என்று ஒரு கத்துக் கத்துவாய், குழாய் மாதிரி அந்தக் குழி முழுக்க எதிரொலித்து மேலே வரும், கண்டக்டர் புகார் சொல்லிச் சொல்லியே ஓய்ந்துபோனார், அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து வைப்பாள். இப்போதும் லிஃப்ட் ஓடும் சத்தம் கேட்டால் எழுந்து போய்க் கதவைத் திறந்து நிற்கிறாள், யாருக்காக என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. லிஃப்டை நான் சரிசெய்து வைக்கிறேன். நீ ஏறியதும் பழையபடி கூப்பிடு. மேலேயிருந்து பதில் வராது, அதற்காக நிறுத்திவிடாதே, வீட்டுக்கு வரும்வரை கூப்பிட்டுக்கொண்டே வா. உள்ளே போவதற்குத் தடையில்லை என்று நீதான் அவளுக்குச் சொல்லியிருக்கிறாய்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்து,
அப்பா